ஒத்தது

பொருள் எண் மூன்று: கோடு போட்ட அரைக்கைச் சட்டை,
தண்டையார்பேட்டைக் காவல் நிலைய அரக்கு முத்திரையோடு.
தோளில் ஒரு முடி.
காலரின் உள்மடிப்பில் ஒன்று.
இரண்டாவது பொத்தான் நூலில் சுற்றிக்கொண்டு இன்னொன்று.
பொருள் எண் நான்கு: முப்பது இழை,
ஸ்டான்லி பிணவறையில் எடுத்து
உறைமேல் எழுதியிருந்தார்கள்,
ரெஜினாள், வயது நாற்பத்தாறு.

தெருவில் அது மயிர்,
குழாயடியில் முதலில் பறக்கிற சொல்.
சீப்பில் முடி. எண்ணெய் விளம்பரத்தில் கூந்தல்.
என் அறிக்கையில் மட்டும் மனித உரோமம்,
யார் தலையிலும் முளைக்காத ஒன்று.

நானூறு மடங்கு பெரிதாக்கினால்
காசிமேட்டுத் தரையில் கிடக்கும் கொடுவாவின் முதுகு.
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செதில்.
நடுவே விட்டுவிட்டு ஓடும் கறுப்பு,
கொருக்குப்பேட்டை கேட்டில் காத்திருக்கையில்
டேங்கர் வண்டிகளின் இடுக்கில்
எதிர்ப்பக்கம் தெரிந்து மறைவதுபோல.

பிடுங்கிய முடியின் வேரில் ஈரமாய் ஏதாவது ஒட்டி வரும்.
தானாய் உதிர்ந்ததற்கு முனை
எரியாத தீக்குச்சித் தலை.
மூன்றும் தீக்குச்சிகள்.
கடிதத்தில் ஆய்வாளர் எழுதியிருந்தார்:
கைகலப்பில் ஒட்டியதாகக் கருதப்படுகிறது.
பிடிபட்டவர் தேசப்பன், வயது ஐம்பத்திரண்டு,
தொழில் கூலி.

பின்னால் குத்தியிருந்த பறிமுதல் பட்டியலை
மதியம் டீ ஆறுகிற நேரத்தில்தான் படித்தேன்.
கைத்தராசு ஒன்று.
எவர்சில்வர் டப்பா பதினொன்று.
சாக்குமூட்டை ஒன்று, உள்ளே தலைமுடி, சுமார் இரண்டு கிலோ.
எதிரே சிவப்பு மையில்: அனுப்பத் தேவையில்லை.

சிக்கு முடீ... சவுரி முடீ...

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு எங்கள் தெருவிலும் கேட்கும்.
ஆறு மாதத்து உதிர்வை
காலண்டர் தாளில் பொதிந்து நீட்டினேன்.
தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சாயம் போட்டா வெல கம்மிம்மா" என்றார்.
பெயர் கேட்டதில்லை.
அவர் தந்த டப்பாவில்தான் இன்றும் தயிர் உறைகிறது.
மூடி கொஞ்சம் பொருந்தாது.

கதவைச் சாத்திவிட்டு
என் தலையிலிருந்து ஒன்றை எடுத்தேன்.
இரட்டை நுண்ணோக்கி, இரண்டு மேடை, ஒரே வட்டம்,
நடுவில் ஒரு கோடு.
முதல் முடி ரெஜினாளுடையதை ஒத்தது.
மூன்றாவது யாரையும் ஒக்கவில்லை,
கோடுங்கையூரில் யாரோ ஒருத்தி
இந்நேரம் தலை வாரிக்கொண்டிருக்கலாம்.
காலருக்குள் கிடந்தது என்னுடையது.

இல்லை, தவறு.
என்னுடையதை ஒத்தது.
அதே பழுப்பு ஏறிய சாயம், அதே தடிமன்,
நுனியில் அதே பிளவு.
இருபத்தோரு வருடமாய்க் கோர்ட்டில் நான் சொல்லும் சொல்.
ஒத்தது என்றேன், ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள்.
வேறு எத்தனை பேருடையதை ஒக்கும் என்று
ஒரே ஒரு வக்கீல் கேட்டார், மணலி வழக்கில்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

துணை இயக்குநர் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"மயிரைப் பொளந்துக்கிட்டிருந்தா கேஸ் நிக்குமாம்மா?"
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.
எனக்கும் வந்திருக்க வேண்டும்.

கோப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்லி எழுதினேன்.
மூட்டையையும் வரவழைக்கச் சொல்லி எழுதினேன்.
தொழில் என்ற இடத்தில் கூலியை அடிக்க எனக்கு உரிமையில்லை,
ஓரத்தில் பென்சிலால் முடி வியாபாரம் என்றேன்.
அவர் செய்தாரா, தெரியாது.
ரெஜினாள் வீட்டுப் பக்கமும்
ஏதாவது ஞாயிறு அந்தக் குரல் போயிருக்கும்.

கேட் திறக்க இருபது நிமிடம்.
வீடு வந்து தலை வாரி
சீப்பில் வந்ததை விரலில் சுருட்டி
வழக்கம்போல் ஜன்னல் கம்பி இடுக்கில் செருகினேன்.
இது மூன்றாவது ஞாயிறு.
தெருவில் உப்பு வண்டி போனது,
பழைய பேப்பர்காரர் போனார்.
காற்றில் அந்தச் சுருள்
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிரிந்துகொண்டிருக்கிறது.